கஷாயமும் குளிகையும்

மட்டக்களப்பு நகரினின்று வடக்கே ஏறாவூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வாவியை அடுத்து அமைந்த ஊர் தன்னாமுனை. வாவியில் வலை வீசுவோரும், தோட்டந்துரவில் உழைப்போரும், தொழில் நிமித்தம் நாள்தோறும் நகரம் சென்று மீள்வோரும் வாழும் இத்தகைய ஊர்களில், நோய் என்று வந்தால் தட்டுவதற்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று பரியாரியார் வீட்டுக் கதவு. மற்றது நகரத்துப் பெரியாசுபத்திரியின் கதவு. சுளுக்கு, சளி, செரியாமை என்றால் முதற்கதவு. காய்ச்சல் மூன்று நாளைக்கு மேல் நீடித்தாலோ, பிரசவம் என்றாலோ இரண்டாவது கதவு. இரண்டிலும் மாறி மாறிப் புகுவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. புற்றுநோய் என்ற சொல் வீட்டுக்குள் வந்த பிறகுதான் இவ்விரு கதவுகளுக்கும் இடையே ஒரு திரை விழுகிறது. அத்திரையின் பின்னால் நடப்பது என்ன, அதனால் நோயாளியின் வலி கூடுகிறதா, குறைகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

வயது அறுபதைக் கடந்த ஒரு மீனவரை எண்ணிக்கொள்வோம். இவர் தன்னாமுனையிலும் இருக்கலாம், வாழைச்சேனையிலும் இருக்கலாம், களுவாஞ்சிக்குடியிலும் இருக்கலாம். பல வீடுகளில் நடப்பதை ஓர் ஆளின் மேல் ஏற்றிச் சொல்வதே நோக்கம். இளமை தொட்டு வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் பழகிய வாய். கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண். ஆறாத புண். மாதங்கள் சென்று ஆசுபத்திரிக்குப் போனபோது அது புற்றுநோய் என்று தெரியவந்தது. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோயே. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் அறிவித்தது. ‘புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் வெற்றிலை பாக்குத்தான்’ என்று ஆறுதல் கொள்வோர் இதை மனத்திற் கொள்ள வேண்டும்.

மீனவருக்குச் சிகிச்சை தொடங்குகிறது. கூடவே, உறவினர் ஒருவர் சொல்லி, ஒரு போத்தலில் கஷாயமும் வீட்டுக்கு வருகிறது. கிளினிக் நாளில் தாதி கேட்கிறார்: “ஐயா, வீட்டில வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?” மீனவர் மனைவியைப் பார்க்கிறார். மனைவி, “இல்ல மிஸி” என்கிறார். மறுவாரம் பரியாரியார் கேட்கிறார்: “ஆசுபத்திரிக் குளிகை நிப்பாட்டியாச்சுதானே?” அதற்கும் தலையாட்டல். இனி, டொக்டர் நோயாளியையே நோக்கி, “நோவு எப்படி?” என்று கேட்கும்போது, இரவெல்லாம் உறங்காதிருந்த அம்மனிதர் சொல்லும் விடை: “பரவாயில்லை, ஐயா.”

இம்மூன்று விடைகளிலும் உண்மை இல்லை. வஞ்சனையும் இல்லை. முதல் இரண்டும் ஏச்சுக்கு அஞ்சிப் பிறந்தவை. மூன்றாவது, வலியைச் சொல்லுவது ஆண்மைக்கு இழுக்கு என்ற பழைய எண்ணத்திலும், வலி கூடினால் நோய் முற்றிவிட்டது என்று பொருளாகுமோ என்ற அச்சத்திலும் பிறந்தது. மூன்றினுள்ளும் நோயாளியை மிகுதியாக வருத்துவது இந்த மூன்றாவது விடையே. ஆகையால் அதிலிருந்தே தொடங்குவது தகும்.

புற்றுநோயாளர் எல்லாருக்கும் வலி உண்டு என்பது தவறு. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கணக்கின்படி, சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்போரில் நூற்றுக்கு 55 பேருக்கும், நோய் முற்றியோரில் 66 பேருக்கும் வலி இருந்தது. குணமாக்கும் சிகிச்சை முடிந்த பின்னரும் 39 பேருக்கு வலி இருந்தது என்பது பலர் அறியாத செய்தி. வலி இருப்பதனாலேயே நோய் மீண்டுவிட்டது என்று கொள்ளலாகாது. சத்திரசிகிச்சையின் வடுவும், கதிர்வீச்சினால் இறுகிய தசையும், மருந்தினால் நைந்த நரம்பும் வலி தரும்.

வலிக்குத் தமிழில் உள்ள சொற்களை எண்ணிப் பார்த்தால், அவை மருத்துவருக்கு எத்துணை உதவி செய்யக் கூடியவை என்பது புலனாகும். உளைவு, குத்து, எரிவு, கடுப்பு, விறைப்பு, முறுக்கு, இழுப்பு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு. எரிவும், விறைப்பும், மின்னல் ஓடினாற் போன்ற குத்தும் பெரும்பாலும் நரம்பிலிருந்து வருவன. அவற்றுக்கு வழக்கமான நோவுக் குளிகைகள் அவ்வளவாகக் கேளா. மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் என்று ஆக்கப்பட்ட சில மருந்துகளே கேட்கும். ஆழத்தில் இருந்துகொண்டு அசைந்தாற் பெருகும் உளைவு எலும்பின் வலியாக இருக்கலாம். எலும்பில் நோய் பரவியிருந்தால், ஒரே ஒரு முறை கொடுக்கும் கதிர்வீச்சுகூடப் பலருக்கு அவ்வலியைத் தணிக்கும். விட்டுவிட்டு வயிற்றை முறுக்குவது குடலின் வலி. அதற்கு மருந்து வேறு. ‘நோகுது’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தும் நோயாளி, தமது தாய்மொழியில் இருக்கும் இச்செல்வத்தைப் பயன்படுத்தாமலே திரும்பிவிடுகிறார்.

உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் கொண்ட ஓர் ஏணியை வகுத்தது. சிறு வலிக்குப் பரசிட்டமோல் முதலியன. நடுத்தர வலிக்குக் கோடீன் போன்றவை. கடும் வலிக்கு மோர்பீன். வாயால் உட்கொள்ளக் கூடியதை வாயாற் கொடுக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பன அதன் விதிகள். வலி வந்த பின் தேடி எடுப்பதற்கும், வலி தலைதூக்குமுன் அடுத்த வேளையைக் கொடுத்துவிடுவதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னதில் நோயாளி நாள் முழுவதும் வலியைத் துரத்திக்கொண்டிருப்பார். பின்னதில் வலி அவரை அணுகாது. சாதாரண மோர்பீன் குளிகையின் வலிமை ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று குடும்பத்தார் தாமாகக் குறைத்துக்கொண்டால், இடையிலுள்ள நேரம் நோயாளிக்கு நரகமே.

குறைப்பதற்குக் காரணம் உண்டு. மோர்பீன் என்றவுடன் வீட்டில் ஒருவர், ‘அது கடைசிக்குக் கொடுக்கும் மருந்தல்லவா?’ என்பார். மற்றொருவர், ‘பழகிவிட்டால் விடாதே’ என்பார். இரண்டும் பொருந்தா. மோர்பீன் கொடுக்கப்படுவது வலியின் அளவு கருதி. ஆயுளின் அளவு கருதியன்று. வலி குறைந்தால் மருத்துவர் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதும் உண்டு. திடீரென நிறுத்தினால் உடல் தவிக்கும். அது உடலின் இயல்பு, போதைக்கு அடிமையானதன் அடையாளம் அன்று. வலிக்காக, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்வோரிடத்து அத்தகைய அடிமைத்தனம் அரிது. முதற் சில நாட்களில் தூக்கக் கலக்கமும் குமட்டலும் வரும், பின் நீங்கும். நீங்காதது மலச்சிக்கல் ஒன்றே. அதற்கான மருந்தை மோர்பீனோடு முதல் நாளே தொடங்க வேண்டும்.

மூலிகைக்கும் ஆசுபத்திரி மருந்துக்கும் உள்ள உறவு வெளிப்படும் இடம் இதுவே. மோர்பீனின் துணையாகப் பல நாடுகளில் மலமிளக்கக் கொடுக்கும் ‘சென்னா’ என்னும் குளிகை, சித்த வைத்தியர் கூறும் நிலவாகை இலையிலிருந்து எடுத்த சத்தே. உலகச் சந்தையில் அவ்விலைக்குத் திருநெல்வேலியின் பெயரே வழங்குகிறது. மோர்பீனோ, கசகசாச் செடியின் காயைக் கீறி வடிக்கும் பாலாகிய அபினிலிருந்து வந்தது. ஜெர்மனியில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த சேர்த்துர்னர் என்ற இளைஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பிரித்தெடுத்தார். கனவுக்குரிய கிரேக்கத் தெய்வத்தின் பெயரை அதற்கு இட்டார். ஆசுபத்திரியில் பூட்டிவைக்கப்படும் மருந்துகளுள் வலிமை மிக்க இது ஒரு செடியின் பால் என்பதை, ‘இங்கிலீசு மருந்து வேண்டாம், மூலிகை போதும்’ என்று சொல்வோர் கேட்டதில்லை போலும்.

சேர்த்துர்னர் தந்தது புதிய பொருள் ஒன்றை மட்டுமன்று; அளவையும் தந்தார். அபினில் மோர்பீனின் பங்கு நிலத்துக்கு நிலம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரு குன்றிமணி அளவு அபின் இன்று வலியைத் தீர்க்கலாம். அதே அளவு மற்றொரு நாள் மூச்சை நிறுத்தலாம். ஐந்து மில்லிகிராம் மோர்பீன் என்றால் அது என்றைக்கும் ஐந்து மில்லிகிராமே. வலிக்கேற்ப ஐந்து பத்தாகவும், பத்துப் பதினைந்தாகவும் உயர்த்த முடிவது இவ்வளவு கைவசப்பட்டதனாலேயே.

மட்டக்களப்பு வீட்டு முற்றங்களிலும் மயானங்களிலும் நீர் ஊற்றுவாரின்றிப் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவின் கதையும் இத்தகையது. நித்தியகல்யாணி என்றும் இதற்குப் பெயர். பல நாடுகளில் இதன் இலையை நீரிழிவுக்குக் குடித்துவந்தனர். அவ்வழக்கைச் சோதிக்கப் புகுந்த கனடா நாட்டு விஞ்ஞானிகளான நோபிள், பியர் ஆகியோர், சோதனை எலிகளின் சர்க்கரை குறையாமல் வெண்குருதிக் கலங்கள் குறைவதைக் கண்டனர். எதிர்பாராத அத்தோல்வியே வெற்றியாயிற்று. 1958இல் வின்பிளாஸ்டீன் என்ற பொருளை அவர்கள் வெளியிட்டனர்; அடுத்த சில ஆண்டுகளில் அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டீனும் மருந்தாயிற்று. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு இன்றும் அது முதன்மையான மருந்துகளுள் ஒன்று. இதைக் கேள்விப்பட்டுப் பட்டிப்பூ இலையை அரைத்துக் குடிப்போர் உளர். ஒரு கிராம் வின்கிரிஸ்டீனைப் பெற நூற்றுக்கணக்கான கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். அதுவும் குருதிக் குழாயின் வழியே மட்டும் செலுத்தப்படுவது. கைப்பிடி இலையில் மருந்தின் நன்மை கிட்டாது, இலையின் நஞ்சுகள் கிட்டும். வின்கிரிஸ்டீனே கைகால் விரல்களில் விறைப்பும் எரிவும் தரக் கூடியது. வலியை ஆராய்கையில் மருந்து தரும் வலியையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

இனி, முதற் பொய்யாகிய ‘இல்ல மிஸி’ என்பதைப் பார்ப்போம். அந்தப் போத்தலில் இருப்பது என்ன என்பதைப் பொறுத்தே அப்பொய்யின் விலை அமையும். கொத்தமல்லி நீரும் சீரகத் தண்ணீரும் ஆனால், விலை ஒன்றும் இல்லை. இஞ்சியானால் நன்மையும் உண்டு. அமெரிக்காவில் இரசாயன மருந்துச் சிகிச்சை பெற்ற 576 நோயாளிகளிடத்து நடந்து 2012இல் வெளியான சோதனையில், வழக்கமான குமட்டல் மருந்தோடு நாளொன்றுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சிப் பொடியும் உட்கொண்டவர்களுக்குச் சிகிச்சை நாளின் குமட்டல் கணிசமாகக் குறைந்தது. கவனிக்கத்தக்கது, அங்கே இஞ்சி மருந்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படவில்லை, மருந்தோடு கொடுக்கப்பட்டது. குமட்டல் அடங்கினால் நோவுக் குளிகையும் வயிற்றில் தங்கும், கஞ்சியும் தங்கும்.

மஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் புற்றுநோய் என்றவுடன் எல்லாரும் எடுத்துச் சொல்வது மஞ்சள். தாய்லாந்தில் முழங்கால் வாதம் உற்ற 367 பேரிடத்து நடந்து 2014இல் வெளியான சோதனையில், மஞ்சளின் சத்து ஐபுபுரோபன் என்னும் நோவு மருந்துக்கு ஏறத்தாழ இணையாக நின்றது. ஆகவே மஞ்சளுக்கு வலி தணிக்கும் ஆற்றல் இல்லை என்று தள்ளிவிட இயலாது. ஆயின் முழங்காலின் வலி வேறு, கட்டி நரம்பை நெருக்குவதால் வரும் வலி வேறு. ஆய்கூடத்துக் கண்ணாடித் தட்டில் புற்றுநோய்க் கலங்களை மஞ்சட்சத்து அழித்தது என்ற செய்தி உண்மை. கண்ணாடித் தட்டில் அழிவது உடலிலும் அழியும் என்பதற்கு உறுதி இல்லை. உண்ட மஞ்சளில் மிகச் சிறு பங்கே குருதியிற் சேர்கிறது. மிளகின் காரச்சத்தைக் கூட்டினால் அது பன்மடங்காகும் என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். மனிதரிடத்து அவ்வுயர்வு 2000 சதவீதம். மருந்தை உள்ளே இழுத்துச் செல்லும் பொருளை அனுபானம் என்று நம் வைத்தியர்கள் நெடுநாளாக வழங்கிவருவதன் கருத்து இதிலே ஓரளவு விளங்கும்.

ஆனால் உள்ளே இழுக்கும் கதவு மஞ்சளுக்கு மட்டும் திறப்பதன்று. வலிப்பு மருந்தொன்றும் காசநோய் மருந்தொன்றும் மிளகுச் சத்தினால் குருதியில் கூடுதலாகச் சேர்வது கண்டறியப்பட்டிருக்கிறது. அளவறிந்து கொடுக்கும் மருந்து, எதிர்பாராத வகையிற் கூடுதலாகவோ குறைவாகவோ ஆகிவிடுவதே இங்குள்ள இடர். ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு உட்கொள்ளும் ஒரு மூலிகை, இரினோடீக்கான் என்ற புற்றுநோய் மருந்தின் செயலூக்கமுள்ள பகுதியை ஐந்தில் இரண்டு பங்கு குறைத்துவிட்டது என்று 2002இல் அறியப்பட்டது. நோயாளி இரண்டையும் நம்பி உண்டார். ஒன்று மற்றொன்றை வெட்டியது. டொக்டருக்கோ மருந்து ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. கறியில் இடும் மஞ்சளாலும் இரசத்தில் இடும் மிளகாலும் இத்தகைய தொல்லை இல்லை. போத்தலிலும் குப்பியிலும் செறிவாக்கி விற்பதே ஐயத்துக்குரியது. மஞ்சட் குளிகைகளால் ஈரல் பழுதுற்ற 10 பேரின் நிலையை அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் வெளியிட்டுள்ளனர்.

கஷாயத்தைக் காட்டிலும் அச்சத்துக்குரியவை பெயர் சொல்லாத பொடிகள். ‘இதைக் கொடுத்தால் மறுநாளே நோவு பறந்துவிடும்’ என்று கைமாறி வரும் பொடி உண்மையிலேயே மறுநாள் நோவைப் போக்கினால், மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும். இத்தகைய பொடிகளில் ஸ்டீரொயிட், டைக்குளோபினாக் முதலிய ஆசுபத்திரி மருந்துகள் களவாகக் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாடுகளின் சோதனைகள் காட்டியுள்ளன. இரைப்பையில் குருதி கசியும்; சர்க்கரை ஏறும்; நோயாளி அதே மருந்தை ஆசுபத்திரியிலும் பெற்று இரட்டிப்பாக உண்பார். பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த மெழுகுகளும் செந்தூரங்களும் வேறு வகை. அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தது என்று 2004இல் வெளியான ஆய்வு கூறியது. இதனால் பாஷாணம் என்பதே பழிக்கத்தக்கது என்று சொல்லவும் கூடாது. சித்தர் வெள்ளைப் பாஷாணம் என்ற அதே பொருளை, சீன மருத்துவர்கள் காட்டிய வழியில், ஒருவகைக் குருதிப் புற்றுநோய்க்கு ஊசி மருந்தாக உலகம் இன்று பயன்படுத்துகிறது. நாள்தோறும் குருதியும் இதயமும் சோதிக்கப்படும் ஆசுபத்திரிக் கட்டிலில்.

உள்ளுக்குக் கொடுப்பது இவ்வாறாக, வெளியே பூசுவது எப்படி? ‘எண்ணெய் தடவினால் என்ன கேடு?’ என்பது நியாயமான கேள்வி. கையும் காலும் முதுகும் மெல்ல எண்ணெய் தடவி நீவுவது நோயாளிக்கு இதம் தரும், உறக்கமும் தரும், தம்மைத் தொடுவதற்கு யாரும் அஞ்சவில்லை என்ற ஆறுதலையும் தரும். ஆயின் கட்டியின் மேலும், நோய் பரவிய எலும்பின் மேலும் அழுத்தித் தேய்த்தலும் நெட்டி முறித்தலும் கூடா. அத்தகைய எலும்பு எளிதில் முறியும். கதிர்வீச்சுப் பெறும் தோலில், கதிரியக்கப் பிரிவினர் அனுமதித்ததைத் தவிர வேறு பற்றும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். அத்தோல் வெயிலில் வெந்ததை ஒத்தது.

இரசாயன மருந்து செலுத்திய பின் ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் பெரும்பாலும் வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்து நிற்கும். அந்நாட்களில் காய்ச்சாத பச்சிலைச் சாறும், கிணற்று நீரில் கரைத்த பொடியும் கிருமிகளை உள்ளே விடும். அப்பொழுது வரும் சிறு காய்ச்சலும் அவசரமே; மணிக்கணக்கில் ஆசுபத்திரி சேர வேண்டும். குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்திருக்கும்போது வெள்ளைப்பூண்டையும் மஞ்சளையும் மருந்தளவில் உண்பது குருதிக் கசிவைக் கூட்டக் கூடும். கார்த்திகைப்பூக் கிழங்கை எக்காரணத்தாலும் தொடலாகாது. கலங்கள் பிரிவதை நிறுத்தும் கொல்சிசீன் என்னும் நஞ்சு அதில் உண்டு. ஏற்கெனவே நைந்திருக்கும் எலும்பு மச்சையை அது மேலும் அழிக்கும். ஊமத்தையை உள்ளுக்குக் கொடுப்பது, நரம்பு வலிக்குரிய குளிகை உண்போருக்குப் பிதற்றலையும் சிறுநீர்க் கட்டையும் தரும். வலி மறக்கட்டும் என்று மோர்பீன் உண்பவருக்குச் சாராயம் ஊற்றிக் கொடுக்கும் அன்பும் சில வீடுகளில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் மூச்சு தாழும். அந்த அன்பை வேறு வகையிற் காட்டலாம்.

இரண்டாவது பொய்யாகிய, ஆசுபத்திரி மருந்தை நிறுத்திவிட்டதாகத் தலையாட்டியது, சிலரிடத்து உண்மையாகிவிடுவதும் உண்டு. மற்றெல்லாவற்றிலும் கொடியது அது. நோய் தொலைவுக்குப் பரவாத நிலையில், ஏற்கப்பட்ட சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 அமெரிக்க நோயாளிகளை, அதே நிலையிலிருந்து சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியாயிற்று. முன்னவர்களின் மரண அபாயம் இரண்டரை மடங்கு. அதே ஆண்டில் அதே ஆய்வாளர்கள், ஆசுபத்திரிச் சிகிச்சையோடு துணை வைத்தியமும் பெற்ற 258 பேரையும் ஆராய்ந்தனர். அவர்களிடத்தும் அபாயம் இரு மடங்காயிருந்தது. காரணத்தைத் தேடியபோது, துணை வைத்தியம் பெற்றவர்களுட் பலர் சத்திரசிகிச்சையையோ கதிர்வீச்சையோ இரசாயன மருந்தையோ இடையில் மறுத்திருந்தது தெரிந்தது. அம்மறுப்பைக் கணக்கிற் கொண்டபோது அந்த வேற்றுமை மறைந்தது.

மறுப்பதற்கு நம் மக்களிடம் காரணம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நெடுங்காலம் கிழக்கிலங்கை மக்கள் கதிர்வீச்சுப் பெறுவதற்கு மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்கே செல்ல வேண்டியிருந்தது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு சுமார் 300 கிலோமீற்றர். மொழி வேறு, தங்குமிடம் இல்லை, வாரக் கணக்கில் தொழில் முடங்கும். 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலோ, அப்பயணம் நோயினும் அச்சம் தருவதாயிருந்தது. பரியாரியார் வீடோ கூப்பிடு தூரத்தில். பேச்சோ சொந்தப் பேச்சு. இப்பொழுது மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு உண்டு. தூரம் சுருங்கிவிட்டது. பழைய அச்சம் அவ்வளவு விரைவிற் சுருங்கவில்லை.

மொழியின் அருமையை அறிந்த மேனாட்டு மருத்துவர் ஒருவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்தார். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் என்ற அவர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மாணவரை மருத்துவராக்கினார். நோயாளியும் மருத்துவரும் ஒரே சொல்லால் ஒரே பொருளைச் சுட்ட வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. மறுபுறத்தில், செகராசசேகரம், பரராசசேகரம் என்ற மருத்துவ நூல்களை ஆக்கிய ஈழத்து வைத்திய மரபும் தனக்கென்று இலக்கணம் உடையது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த வைத்தியத்தையும் தன்னுள் அடக்கி, வைத்தியர்களைப் பதிவு செய்ய வழி வகுத்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டக் கல்வியாகவே கற்பிக்கப்படுகிறது. ஆகவே, மூலிகை வேண்டும் என்று விரும்பும் குடும்பம், கைமாறி வரும் பொடியை நாடாமல் பதிவு பெற்ற வைத்தியரை நாடலாம். அவரிடம், “ஐயா, ஆசுபத்திரி மருந்தை விடப் போவதில்லை, நோவுக்கும் பசிக்கும் உறக்கத்துக்கும் துணையாக என்ன தரலாம்?” என்று கேட்கலாம். விட்டால்தான் மருந்து என்று அவர் சொல்வாராயின், எழுந்து வந்துவிடுவது நல்லது.

இலண்டனில் 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், தாதியாகவும் சமூக சேவகியாகவும் இருந்து பின்னர் மருத்துவரானவர். வலி என்பது உடலோடு நிற்பதன்று. மனத்தின் கலக்கம், குடும்பத்தின் கவலை, ஆன்மாவின் கேள்வி எல்லாம் அதில் அடக்கம் என்று அவர் காட்டினார். கேரளத்தில் கோழிக்கோட்டிலே மருத்துவர் ராஜகோபால் முதலியோர் 1993இல் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், அக்கருத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றது. அயலாரே பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்குச் சென்றார்கள், புண்ணைத் துடைத்தார்கள், மோர்பீன் முடிந்துவிட்டதா என்று பார்த்தார்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் விசாரித்தார்கள். 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. சாவு வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் அழையாமலே கூடிவிடும் மட்டக்களப்பு ஊர்களுக்கு இத்தகைய கூட்டுறவு புதியதன்று.

இனி அந்த மீனவரிடத்து மீள்வோம். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது அவர் மனைவி கஷாயப் போத்தலைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவருகிறார் என்று கொள்வோம். என்ன இலை, என்ன வேர், நாளைக்கு எத்தனை முறை, எப்பொழுது தொடங்கியது என்பவற்றைச் சொல்கிறார். சொல்லத் தெரியாதவற்றைப் பரியாரியாரிடம் கேட்டு எழுதி வந்திருக்கிறார். ஏச்சு விழக் கூடும் என்று அஞ்சியது வீண். டொக்டர் போத்தலை வாங்கி முகர்ந்து பார்க்கிறார். இரசாயன மருந்து செலுத்தும் நாட்களிலும் அதை அடுத்த இரு வாரங்களிலும் கஷாயம் வேண்டாம், கொத்தமல்லி நீரும் கஞ்சியும் போதும், கால்களுக்கு எண்ணெய் தடவலாம் என்று கிளினிக் கொப்பியில் எழுதுகிறார். பிறகு மீனவரின் பக்கம் திரும்பி நோவைப் பற்றிக் கேட்கிறார். இம்முறை விடை வேறு: “கன்னத்தில எரியுது, ஐயா. காதுக்குள்ள மின்னல் மாதிரிக் குத்துது. இரவு ரெண்டு மணிக்குப் பிறகு கண் மூடேலாது.” நரம்பின் வலி என்று அந்த இரு வாக்கியங்கள் சொல்லிவிட்டன. கொப்பியின் அடுத்த வரியில் மருந்து மாறுகிறது. இரவுக் குளிகைக்கு நேரம் குறிக்கப்படுகிறது.

அந்தக் கொப்பியை வீடு திரும்பும் வழியில் பரியாரியாரிடமும் காட்டலாம். அவரும் வாசிக்கத் தெரிந்தவரே.